நோயாளியின் சொல்லும் மருத்துவரின் செவியும்: ஆம்பூர் – வேலூர் தோல்தொழில் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மருத்துவர் ஒருவர் தம் நோயாளியின் மொழியைக் கற்பது என்றால் அவர் எதைக் கற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினா. மருத்துவத் தமிழ் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தையே மையமாகக் கொண்டுள்ளன. அவை மருத்துவர் சொல்வதற்கான சொற்கள். நோயாளி தம் உடல்நிலையைச் சொல்லப் பயன்படுத்தும் சொற்களும், தாம் செய்யும் வேலையைக் குறிக்கும் சொற்களும் வேறொரு தொகுதி. தமிழ், தக்கனி உருது, தெலுங்கு, இந்தி ஆகிய மொழிகள் அருகருகே வழங்கும் ஆம்பூர் – வேலூர் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு, மருத்துவர்களுக்கான மொழிப்பயிற்சி கேட்டுப் புரிந்துகொள்வதிலிருந்து தொடங்க வேண்டியதன் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மருத்துவத் தமிழ், வட்டார வழக்கு, தக்கனி, இரட்டைக்கிளவி, தோல்தொழில், சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்

முன்னுரை

பாலாற்றங்கரையில் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையின் மீது அமைந்துள்ள ஆம்பூர், 2019ஆம் ஆண்டு முதல் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சார்ந்தது. அதற்கு முன்னர் வேலூர் மாவட்டத்திலும், அதற்கும் முன்னர் வட ஆர்க்காட்டிலும் இருந்தது. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களோடு சேர்ந்து தோல் பதனிடுதலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர்பெற்றது. ஊரில் ஏறத்தாழப் பாதிப் பேர் முஸ்லிம்கள். அவர்களுள் பலருக்கு வீட்டுமொழி தக்கனி உருது. வேறு பலருக்குத் தமிழே தாய்மொழி. ஆந்திர எல்லை தொலைவில் இல்லை என்பதால் தெலுங்கு பேசுவோரும் உளர். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வேலை தேடி வந்தோரால் இந்தியும் பிற மொழிகளும் இப்போது இவ்வட்டாரத்துத் தொழிற்கூடங்களில் கேட்கின்றன.

மருத்துவர் பக்கத்திலும் இதே கலப்பு உண்டு. ஆம்பூரில் லுத்தரன் மறைப்பணியினர் 1920களில் தொடங்கிய மருத்துவமனை முதல், 1900இல் ஐடா ஸ்கடர் சிறு மருந்தகமாகத் தொடங்கி இன்று பேரளவில் வளர்ந்து நிற்கும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வரை, இப்பகுதியின் மருத்துவ நிறுவனங்கள் பல்வேறு மொழியினரால் நடத்தப்பட்டு வந்துள்ளன. வேலூர் கல்லூரிக்கு நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வருகின்றனர். அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இளநிலை இடங்களில் 15 விழுக்காடும் முதுநிலை இடங்களில் 50 விழுக்காடும் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு உரியவை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியின் புறநோயாளிப் பிரிவில் தமிழறியாத முதுநிலை மாணவர் ஒருவர் அமர்ந்திருப்பது வியப்புக்குரிய காட்சி அன்று.

எனினும் இச்சிக்கலை வெளிமாநிலத்தவரின் சிக்கலாக மட்டும் காண்பது தவறாகும். சென்னையில் ஆங்கிலவழியில் பயின்று வந்த தமிழ் மருத்துவருக்கு, ‘ராவுல காலு மதமதன்னு ஆயிப்போவுது, காலைல எயிந்தா நோவுது’ என்று சொல்லும் ஆம்பூர்த் தொழிலாளியின் தமிழும் கற்கவேண்டிய மொழியே. அவர் அதை உணர்வதில்லை என்பதுதான் வேறுபாடு. தமிழறியாத மருத்துவர் தமக்குப் புரியவில்லை என்பதையாவது அறிவார்.

கலைச்சொல்லும் நோய்ச்சொல்லும்

தமிழில் மருத்துவம் கற்பிக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க மறைப்பணி மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர் மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் நடத்தினார். இடையில் தாயகம் சென்று 1862இல் திரும்பியபின் பயிற்றுமொழியைத் தமிழாக மாற்றினார். ஆங்கிலத்தில் பயின்றவர்கள் அரசு வேலையையும் நகரத்தையும் நாடிப் போய்விடுவர், தமிழில் பயின்றவர்களே தம் ஊர்களில் தங்குவர் என்பது அவர் கணிப்பு. ‘பிரசவ வைத்தியம்’ (1857), ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘வைத்தியாகரம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875) என அவர் முயற்சியில் வெளிவந்த நூல்கள் தமிழ்க் கலைச்சொல் வரலாற்றின் அடிப்படைச் சான்றுகள். உடலமைப்பியலுக்கு ‘அங்காதிபாதம்’, உடலியங்கியலுக்குச் ‘சுகரணம்’ என வடமொழி வேர்களைக் கொண்டு சொல்லாக்கம் செய்த அதே நூல்வரிசையில், வேதியியலுக்கு ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிப்புக்கு இணக்கிக் ‘கெமிஸ்தம்’ என்றதும் உண்டு. தூய்மையைவிடப் பயன்பாட்டையே அவர் பெரிதாகக் கருதினார் எனலாம்.

இச்சொற்களெல்லாம் ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு, மருத்துவரிடமிருந்து மருத்துவருக்குச் செல்பவை. கிறீனின் மாணவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். ‘நோகுது’ என்று ஒருவர் சொன்னால் அது எந்த வகை நோவு என அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. நூலுக்கு வெளியே, வீட்டிலேயே அந்தத் தமிழ் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. இன்றைய நிலை தலைகீழாக உள்ளது. மருத்துவ மாணவரிடம் ஆங்கிலக் கலைச்சொல் நிறைய உண்டு. அவற்றுக்கான தமிழ் நிகரன்கள் அகராதிகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. வீட்டிலிருந்து வரவேண்டிய அந்த மற்றொரு தமிழே குறைவு. ஆகவே ‘மருத்துவத் தமிழ்’ என்று கலைச்சொற் பட்டியலை ஒருவர் கையில் தருவது, அவரிடம் ஏற்கெனவே இருப்பதை வேறு எழுத்தில் தருவதாகவே முடிகிறது. ‘மூச்சுத்திணறல்’ என்பதைப் படித்துவைத்தவர் முன் நோயாளி ‘மேமூச்சு கீமூச்சு வாங்குது’ என்றோ, ‘படுத்தா அடைக்குது’ என்றோதான் சொல்வார். படுத்தால் அடைக்கிறதா, நடந்தால் வாங்குகிறதா, இரவில் இழுக்கிறதா என்பவை இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இடையே வழிகாட்டும் குறிப்புகள். அடைத்தல், வாங்குதல், இழுத்தல் என்னும் வினைகளே அங்குக் கலைச்சொற்கள்.

‘மயக்கம்’: ஒரு சொல்லின் பரப்பு

நோயாளிகள் அடிக்கடி ஆளும் சொற்களுள் ‘மயக்கம்’ போலப் பொருட்பரப்பு விரிந்தது வேறொன்றைக் காண்பது அரிது. சுற்றியுள்ள பொருள்கள் சுழல்வதுபோல் தோன்றுவது, எழுந்து நின்றவுடன் கண் இருட்டுவது, நினைவிழந்து விழுவது, குமட்டலோடு கூடிய தளர்ச்சி, மதுவின் போதை, அறுவை சிகிச்சைக்குமுன் கொடுக்கும் மருந்தின் விளைவு ஆகிய அனைத்தும் இச்சொல்லுக்குள் அடங்கும். (பழைய திரைப்படங்களில் நாயகி மயங்கி விழுந்தால் வைத்தியர் நாடி பார்த்து நற்செய்தி சொல்வார். அந்த மரபை அறியாத மருத்துவருக்கு, மருமகளின் மயக்கத்தைப் பற்றி மாமியார் ஏன் புன்னகையோடு பேசுகிறார் என்பது விளங்காது.)

மருத்துவத்தில் இவை தனித்தனிப் பாதைகள். சுழற்சி என்றால் உள்காதையும் சிறுமூளையையும் எண்ணவேண்டும். கண் இருட்டினால் இரத்த அழுத்தம், இரத்தசோகை, இதயத் துடிப்பு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். விழுந்தபோது கைகால் வெட்டியதா என்பது வலிப்பைச் சுட்டும். நோயாளியின் தமிழில் இவ்வேறுபாடுகள் எல்லாம் உண்டு. அவை பெயர்ச்சொல்லில் இல்லாமல் அதை அடுத்துவரும் வினையில் உள்ளன. ‘மயக்கமா வருது’, ‘மயக்கம் போட்டு வியுந்துட்டேன்’, ‘கிறுகிறுன்னு வருது’, ‘தல சுத்துது’, ‘கண்ண இருட்டிகினு வருது’ என்னும் ஐந்தும் ஐந்து செய்திகள். பெயர்ச்சொற்களை மட்டும் பட்டியலிடும் கையேடு இந்த ஐந்தையும் ஒன்றாக்கிவிடும்.

இத்தகைய மயக்கம் எவ்வளவு விலை பெறும் என்பதற்கு, மருத்துவ ஸ்பானிய மொழி கற்பிப்போர் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1980இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், கியூபா வழிவந்த குடும்பத்தைச் சேர்ந்த 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். குடும்பத்தார் ‘இன்டாக்ஸிகாடோ’ என்னும் சொல்லைப் பயன்படுத்தினர். அவர்கள் வழக்கில் உண்டதோ குடித்ததோ ஒவ்வாமல் உடல் கெட்டிருப்பதை அச்சொல் குறிக்கும். கேட்ட மருத்துவருக்கு அது போதையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக ஒலித்தது. அளவுமீறிய போதைப்பொருள் எனக் கருதிச் சிகிச்சை தொடர்ந்தது. மூளையில் ஏற்பட்டிருந்த இரத்தக்கசிவு காலம் தாழ்ந்தே கண்டறியப்பட்டது. அவருடைய கைகால்கள் நான்கும் செயலிழந்தன. வழக்கு ஏறத்தாழ 7 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. அங்கு ஒருவரும் மொழிபெயர்ப்பாளரை அழைக்கவில்லை, ஏனெனில் அச்சொல் தமக்குப் புரிந்துவிட்டதாகவே இருதரப்பாரும் எண்ணினர். அமெரிக்க மருத்துவக் கல்வியில் இதைப் ‘போலிச் சரளம்’ என்பர். மது மயக்கத்துக்கும் நோய் மயக்கத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் தமிழில் அதே தவறு நேர இடமுண்டு.

வலியின் ஒலிச்சொற்கள்

1975இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு மெல்சாக் வலியை அளப்பதற்கான வினாப்படிவம் ஒன்றை வெளியிட்டார். வலியின் தன்மையைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்கள் அதில் 20 குழுக்களாக வகுக்கப்பட்டுள்ளன. துடிக்கும் வலி, குத்தும் வலி, எரியும் வலி, இறுக்கும் வலி எனப் பெரும்பாலும் பெயரடைகள். தமிழ் நோயாளி இதே வேறுபாடுகளை இரட்டைக்கிளவியால் சொல்கிறார். ‘விண் விண்’ணென்று தெறிக்கும் வலி நாடித்துடிப்போடு ஒத்து வருவது, சீழ் கோத்த கட்டியிலும் பல்வேரிலும் அதை எதிர்பார்க்கலாம். ‘சுருக் சுருக்’ என்பது நொடிப்பொழுதுக் குத்து. ‘திகுதிகு’ எரிச்சல். ‘படபட’ இதயத்துடிப்பு. ‘நமநம’ அரிப்பின் தொடக்கம். ‘மதமத’, ‘மரமர’ என்பன உணர்வு மங்குதல். இவற்றோடு குடைச்சல், உளைச்சல், கடுப்பு, இழுப்பு, பிடிப்பு எனும் தொழிற்பெயர்களும் சேர்ந்தால் மெல்சாக்கின் படிவத்துக்குத் தமிழ் சளைத்ததாகத் தெரியவில்லை.

இரட்டைக்கிளவி பிரிந்து நின்று பொருள் தராது என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம் காட்டும் இயல்பு. அவ்வியல்பே மொழிபெயர்ப்பில் இடராகிறது. ‘விண் விண்ணுன்னு தெறிக்குது’ என்பதை இந்தியிலோ ஆங்கிலத்திலோ இடைநின்று சொல்பவர் ‘வலிக்கிறதாம்’ என்று முடித்துக்கொள்வார். ஒலிச்சொல் அழகுக்காகச் சேர்ந்தது போலவும் ‘வலி’ மட்டுமே செய்தி போலவும் அவருக்குத் தோன்றும். மருத்துவருக்கு வேண்டியதோ அந்த ஒலிச்சொல். வலி இருக்கிறது என்பது நோயாளி வந்து அமர்ந்தபோதே தெரிந்துவிட்டது.

மரத்துப்போதல்: தொழிலறிவும் மொழியறிவும்

இவ்வட்டாரத்தில் வேறெந்தக் குறியைவிடவும் நுணுகிக் கேட்கவேண்டியது ‘மரத்துப்போதல்’. காரணம் வரலாற்றிலும் உண்டு, தொழிலிலும் உண்டு. வட ஆர்க்காடு நெடுங்காலம் தொழுநோய் மிகுந்த பகுதியாக இருந்தது. வேலூரில் பால் பிராண்டு தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவையால் சீராக்கும் முறைகளை வளர்த்ததும், கரிகிரியில் 1955இல் தொழுநோய் ஆய்வு – பயிற்சி மையம் அமைந்ததும் இதனாலேயே. நோயாளி ‘தேமல்’ என்றுதான் சொல்வார். அத்தேமலில் தொட்டால் தெரிகிறதா என்பதே அடுத்த வினா. தொழுநோய் என்னும் சொல்லை முதலிலேயே எடுத்தால், பழைய இழிவின் அச்சத்தில் நோயாளி அடுத்தமுறை வராமலே போகக்கூடும். தேமலிலிருந்து தொடங்குவது மொழித்திறனும் மருத்துவத்திறனும் சேர்ந்த ஒன்று.

மரத்துப்போதலுக்கு இரண்டாவது பெருங்காரணம் நீரிழிவு. அது பெரும்பாலும் இரு பாதங்களிலும் தொடங்கி எரிச்சலோடு மேலேறும். ‘காலு காந்துது’, ‘செருப்பு கயண்டு போனதே தெரியல’ என்பன அதன் வழக்கமான வாசகங்கள். மூன்றாவது தொழிலிலிருந்து வருவது. காலணி ஒட்டும் பசைகளில் சேரும் கரைப்பான்களுள் ஒன்றான ஹெக்சேன், காற்றோட்டமற்ற இடத்தில் நெடுநாள் சுவாசிப்பவரின் புறநரம்புகளைத் தாக்கும். 1960களில் ஜப்பானில் வீட்டறைகளில் அமர்ந்து செருப்பு ஒட்டியவர்களிடையே கைகால் மரத்துத் தளர்ந்த நிலை பரவலாகக் கண்டறியப்பட்டதை அடுத்து இத்தொடர்பு உறுதிப்பட்டது. எனவே ஆம்பூரில் ஒருவர் ‘கையி மரத்துப்போச்சு’ என்றால் ஓர் இடத்திலா பரவலாகவா, ஒரு கையிலா இரண்டிலுமா, தேமல் உண்டா, சர்க்கரை உண்டா என்பவற்றுக்குப் பிறகு, பசை ஒட்டும் வேலையா என்னும் கேள்வியும் இடம்பெற வேண்டும்.

நோயாளியிடம் அவர் தொழிலைக் கேட்க வேண்டும் என்பதை மருத்துவ நெறியாக நிலைநாட்டியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி. 1700இல் வெளிவந்த அவருடைய தொழில்நோய் நூலில் தோல் பதனிடுவோருக்கும் இடம் உண்டு. ஆனால் ஆம்பூரில் இக்கேள்விக்குக் கிடைக்கும் பதில் ‘ஷூ கம்பெனி’ அல்லது ‘தோல் கம்பெனி’ என்பதாகவே இருக்கும். அதோடு நிறுத்தினால் கேள்வி கேட்டும் பயனில்லை. பச்சைத்தோலைச் சுண்ணாம்பிலும் சோடியம் சல்பைடிலும் ஊறவைத்து மயிர் நீக்குபவரின் கை புண்ணாவது காரத்தால். குரோம் உப்பேற்றும் உருளையருகே நிற்பவரின் தோல் தடிப்பு ஒவ்வாமையால் வருவதாக இருக்கலாம். காய்ந்த தோலைத் தேய்த்து மெருகேற்றும் ‘பஃபிங்’ பிரிவில் தூசி பறக்கும். ‘ஸ்டிச்சிங்’ பிரிவில் நாள் முழுதும் குனிந்திருக்கும் பெண்ணின் கழுத்துவலி வேறு கதை. ‘சொல்யூஷன்’ தடவுபவரின் நிலை மேலே சொல்லப்பட்டது. பிரிவின் பெயர் தெரியாத மருத்துவருக்கு ‘கம்பெனி’ என்பது ஒரே மூடிய கட்டடம். இப்பெயர்களுள் பல தமிழ் ஒலிப்புக்கு மாறிய ஆங்கிலச் சொற்கள் என்பதால் மொழிப்பாடத்திலும் இடம்பெறா, மருத்துவப் பாடத்திலும் இடம்பெறா. தொழிலின் உட்புறத்தைத் தமிழில் அறிய விரும்புவோர்க்கு டி. செல்வராஜின் ‘தோல்’ புதினம் உதவும். 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அது திண்டுக்கல் தொழிலாளரைப் பற்றியதே ஆயினும், கூடத்தின் வாழ்க்கை பெரிதும் பொதுவானது.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்றே விரித்துக் காட்டுவது தகும். சல்பைடு கலந்த கழிவோடு அமிலம் சேருமிடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வளி எழும். அழுகிய முட்டை நாற்றம் உடையது. தொட்டிக்குள் இறங்கி மீட்கப்பட்ட ஒருவரோ அவருடன் வந்தவரோ, ‘மொதல்ல நாத்தம் பயங்கரமா இருந்திச்சி, அப்புறம் நாத்தமே இல்ல’ என்று சொல்வதாகக் கொள்வோம். அன்றாடத் தமிழில் இது நிலைமை சரியாகிவிட்டது என்று பொருள்படும். உண்மையில், அவ்வளி மிகும்போது மூக்கின் முகர்திறனை முடக்கிவிடும். நாற்றம் நின்றது என்பது வளி குறைந்ததையும் குறிக்கலாம், பேரளவுக்குக் கூடியதையும் குறிக்கலாம். இந்த ஒரு வாசகத்தைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காரும் மருத்துவருக்கு மொழியும் தொழிலும் இரண்டுமே தெரிந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது. உடன் வேலை செய்தவர் இன்னும் தொட்டியருகே நிற்கிறாரா என்று உடனே கேட்கவும் அப்போதுதான் தோன்றும்.

தக்கனி, இந்தி, வங்காளம்

ஆம்பூரின் தக்கனி உருது தமிழ்ச் செவிக்கு அந்நியமானதன்று. பல நூற்றாண்டுகள் தென்னக மொழிகளோடு வாழ்ந்ததால் அதன் தொடரமைப்பு தமிழோடு நெருங்கியது. தமிழில் ‘என்று’ வருமிடத்தில் தக்கனியில் ‘போல்கே’ வரும். மறுப்புக்கு ‘நக்கோ’. தில்லி உருது பயின்றவரைவிடத் தமிழ் பயின்றவர் இதை விரைந்து பழகமுடியும் என்பது மிகைக்கூற்றாகாது. சொற்களிலும் பாலங்கள் உண்டு. வெறும் வயிற்றைக் குறிக்கும் ‘காலி பேட்’ என்பதில் ‘காலி’ தமிழருக்குத் தெரிந்த சொல்லே.

இடர் ஒலியில்தான். தமிழ்ச் செவி வல்லினத்தில் மூச்சொலி உள்ளதையும் இல்லாததையும் பிரித்துக் கேட்கப் பழகியதன்று. மொழிமுதல் சகரத்தையும் ஷகரத்தையும் பேச்சில் ஒன்றாக்கிவிடுவதும் உண்டு. தலைசுற்றலுக்கு உரிய ‘சக்கர்’ என்பதும் சர்க்கரைக்கு உரிய ‘ஷக்கர்’ என்பதும் ஒன்றாகக் கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். நீரிழிவு மாத்திரை உண்ணும் மூதாட்டி ‘சக்கர்’ என்று சொல்வது, உணவு தவறியதால் குருதிச் சர்க்கரை தாழ்ந்து தலை சுற்றுகிறது என்பதாக இருக்கலாம். அதைச் ‘சர்க்கரை உள்ளது’ எனக் கேட்டு மாத்திரையைக் கூட்டினால் தீங்கு வெளிப்படை. மரத்துப்போதலுக்குரிய ‘சுன்’, மினுமினுப்பான குத்தலுக்குரிய ‘ஜுன்ஜுனி’ ஆகிய இரண்டையும் முதல்வாரப் பாடத்திலேயே சேர்க்கவேண்டும்.

இந்தியில் ‘கல்’ என்பது நேற்றையும் நாளையையும் குறிக்கும். வினைமுற்றுதான் காலத்தைக் காட்டும். காய்ச்சல் எப்போதிலிருந்து என்ற கேள்விக்கும் மீண்டும் எப்போது வரவேண்டும் என்ற அறிவுறுத்தலுக்கும் இது ஒருசேரப் பொருந்துவதால், எண்ணிக்கையால் சொல்வதே பாதுகாப்பு: எத்தனை நாளாக, எத்தனை நாள் கழித்து. ஸ்பானிய மொழியிலும் இத்தகைய பொறி உண்டு. ஒருமுறை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துவடிவம் ஸ்பானிய வாசகருக்குப் பதினொன்று என்னும் எண்ணாகத் தெரியும். மருந்துச் சீட்டில் அது நிற்குமானால் விளைவு சிறிதன்று.

வேலூருக்கு மருத்துவம் நாடி வரும் வங்காள மொழியினர் பலர். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வருகின்றனர். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள் தொங்குவது வேலூர்க்காரருக்குப் பழகிய காட்சி. நூல்வழி வங்காளத்தில் ‘பிஷ்’ என்றால் நஞ்சு. சில்ஹெட் பகுதியின் பேச்சிலோ அது வலி. ‘வயிற்றில் பிஷ்’ என்பவருக்கு வயிற்றுவலி இருக்கிறது, அவர் நஞ்சருந்தவில்லை. ஃபுளோரிடா நிகழ்ச்சியின் இரட்டைப் பிறவி இது.

இடைநின்று சொல்வோர்

நடைமுறையில் இம்மொழிகளையெல்லாம் கடப்பது வார்டு ஆயா, பாதுகாவலர், அடுத்த படுக்கைக்காரர், நோயாளியின் பள்ளி செல்லும் மகள் ஆகியோரின் வாய்வழியே. அவர்கள் இல்லாவிடில் பல நாள்கள் மருத்துவமே நடவாது. அதற்காக அவர்களைக் குறைகூறுவது முறையன்று. ஆனால் கேட்டதைச் சுருக்குவது அவர்கள் இயல்பு. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஸ்பானியம் பேசும் குழந்தை நோயாளிகளின் 13 மருத்துவச் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 396 மொழிபெயர்ப்புப் பிழைகளைக் கண்டது. சராசரியாகச் சந்திப்புக்கு 31. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை விடுபாடுகள். 63 விழுக்காட்டுப் பிழைகள் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. பயிற்சி பெறாதோரின் பிழைகளில் இந்த ஆபத்து இன்னும் மிகுதி.

கணவர் வழியே மனைவியின் மாதவிலக்கைக் கேட்பதும், பன்னிரண்டு வயது மகன் வழியே தாயின் வெள்ளைப்படுதலைக் கேட்பதும் இன்னொரு வகைத் தடை. அங்குச் சொல் தெரியாமையைவிடச் சொல்ல இயலாமையே பெரிது. ஐடா ஸ்கடர் மருத்துவராக முடிவெடுத்த கதையை வேலூரில் அறியாதவர் இல்லை: திண்டிவனத்தில் ஒரே இரவில் மூவர் தம் மனைவியரின் பேறுகாலத்துக்கு உதவி கேட்டு வந்து, ஆண் மருத்துவராகிய அவர் தந்தையை ஏற்க மறுத்துத் திரும்பினர். அன்று பெண் மருத்துவர் இல்லாமை தடையாக இருந்த இடத்தில், இன்று பெண் மருத்துவர் இருந்தும் நடுவில் ஓர் ஆண்குரல் நிற்கிறது. ‘தூரம் எத்தினி நாளாச்சி’ என்று அவரே கேட்க அறிந்திருந்தால், அந்த மகனை வெளியே அனுப்பிவிடலாம்.

பயிற்சியின் வடிவம்

2019இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் மருத்துவப் பாடத்திட்டம், முதலாண்டு மாணவர்க்கு ஒரு மாத அடித்தளப் படிப்பை வைத்தது. முதலில் வெளியிடப்பட்ட வடிவில் அதன் 175 மணி நேரத்தில் மொழிக்கும் கணினிக்கும் சேர்த்து 40 மணி ஒதுக்கப்பட்டது. வட்டார மொழி என்னும் தேவையை ஏற்றதற்காக அதை வரவேற்கவேண்டும். ஆயினும் அது வரும் காலம் பொருந்தவில்லை. நோயாளியைச் சந்திக்கும் முன்னரே கற்ற மொழி, சந்திக்கும் ஆண்டில் மறந்திருக்கும். மறுபுறம், தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வுகளில் 2021 டிசம்பர் அரசாணையால் கட்டாயமாக்கப்பட்ட தமிழ்த் தகுதித் தாள் பத்தாம் வகுப்புத் தரத்தில் அமைந்த எழுத்துத் தேர்வு. 40 விழுக்காடு பெற்றால் போதும். திருக்குறளில் விடுபட்ட சீரை நிரப்பத் தெரிந்தவருக்குக் ‘குடைச்சல்’ எது ‘உளைச்சல்’ எது என்பது தெரிந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இத்தேர்வின் நோக்கம் வேறு. மருத்துவப் பணிக்கு அதனோடு ஒரு கேட்டல் தேர்வும் தேவை என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

பாடம் தொடங்கவேண்டிய இடம் வணக்கமும் நலம் விசாரிப்பும் அல்ல. ‘வாங்க, உக்காருங்க, என்ன பண்ணுது?’ என்னும் மூன்று தொடர்களை ஒரே நாளில் கற்றுவிடலாம். கடினம், அதற்கு வரும் பதிலில் உள்ளது. அழகாகக் கேட்கப்பட்ட கேள்வி, கேட்டவருக்கு மொழி தெரியும் என்ற நம்பிக்கையை ஊட்டி, நோயாளியைத் தங்குதடையின்றிப் பேசவைக்கும். மருத்துவரும் தலையாட்டிக்கொண்டிருப்பார். இதைத் தவிர்க்க, நோயாளியின் பேச்சைக் கேட்டு அதை மூன்று சொற்களில் திருப்பிச் சொல்லும் பயிற்சியே முதல் மாதம் முழுதும் நடக்கலாம். எழுத்து பின்னர் வரட்டும். கொச்சை என்று கருதப்படும் ‘வயித்தால போவுது’, ‘வெளிக்கிப் போகல’, ‘நீர்க்கடுப்பு’ போன்ற தொடர்களைத் திருத்தாமல் உள்ளவாறே கற்பிக்கத் தமிழாசிரியர்கள் மனம் இசையவேண்டும். இது எளிதில் நடப்பதன்று. செவ்வியல் தமிழ் கற்பித்துப் பழகிய துறைகளுக்கு இவ்வழக்குகள் பாடமாகத் தோன்றுவதில்லை.

மருந்து கொடுக்கும் கட்டத்தில் திசை மாறும். அங்கு மருத்துவர் சொல்லவேண்டும், நோயாளி திருப்பிச் சொல்லவேண்டும். ‘புரிஞ்சிதா?’ என்று கேட்டால் எவரும் ‘புரிஞ்சிது’ என்றே சொல்வர்; பெரியவர் முன் புரியவில்லை என்பது இவ்வட்டாரத்தில் மரியாதைக் குறைவு. ‘வூட்டுக்குப் போயி இத எப்பிடி சாப்புடுவீங்க, எனக்குச் சொல்லுங்கம்மா’ என்று கேட்பதே தவறைக் காட்டிக்கொடுக்கும். ‘மூணு வேளை’ என்பதைச் சோறுண்ணும் வேளை என்று கொள்பவர், காலையில் தேநீரோடு வேலைக்கு ஓடும் தொழிற்கூடப் பெண்ணானால், இரண்டு வேளைதான் உண்பார்.

இதற்கெல்லாம் அடிப்படையாக ஒரு சொற்றொகுப்பு தேவை. தமிழ்த்துறையும் சமுதாய மருத்துவத்துறையும் சேர்ந்து செய்யவேண்டிய பணி அது. ஒவ்வொரு பதிவிலும் தொடர் முழுதாகவும், சொன்னவரின் வயது, பாலினம், வீட்டுமொழி, தொழிற்பிரிவு ஆகியவையும், அத்தொடரை அவரே வேறு சொற்களில் விளக்கியதும், பின்னர் உறுதிப்பட்ட நோயும் இடம்பெற வேண்டும். பெயரும் முகவரியும் வேண்டா. ஒலிப்பதிவு இணையாமல் எழுத்துவடிவம் மட்டும் இருந்தால், ‘சக்கர்’ எது ‘ஷக்கர்’ எது என்னும் சிக்கல் அத்தொகுப்பிலும் தொடரும். நகரின் மருத்துவமனையில் மட்டும் திரட்டாமல், வேலை முடிந்து பெண்கள் பேருந்துக்கு நிற்கும் மாலை நேரத்தில் தொழிற்கூட வாயிலருகேயும் திரட்டவேண்டும். மருத்துவர் முன் அமர்ந்ததும் பலர் தம் சொல்லை மாற்றி, ‘பெயின்’ என்றும் ‘கேஸ்’ என்றும் பேசத் தொடங்கிவிடுகின்றனர்.